காணாத நல்லூருக்கு ஓர் ஆற்றுப்படை: மெய்நிகர்க் களப்பயணம் குறித்த ஒரு விமர்சன நோக்கு

பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் போய்வந்த வழியையும், வழியிலே கிடைக்கும் உணவையும், வழியிறுதியில் இருக்கும் வள்ளலின் இயல்பையும் எடுத்துரைப்பதே இவ்விலக்கிய வகையின் பொதுவான அமைப்பாகும். திருமுருகாற்றுப்படை மாத்திரம் வள்ளலை விடுத்து முருகனிடம் வழிப்படுத்துகின்றது. கேட்பவன் அவ்விடத்தைக் கண்டறியாதவன்; சொல்பவன் கண்டு மீண்டவன். சொல் என்னும் ஒரேயொரு கருவியைக்கொண்டு காணாத நிலத்தைக் கேட்பவனின் மனக்கண்முன் நிறுத்திய இம்மரபை, இன்று மெய்நிகர்க் களப்பயணம் என்ற பெயரோடு ஆரம்ப வகுப்புகளுக்குள் நுழைந்திருக்கும் கற்பித்தல் முறையினை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாகக் கொள்ளலாம். அளந்து பார்க்கையில் புதிய முறைக்குச் சில இடங்களிற் பெருமையும் பல இடங்களிற் சிறுமையும் புலப்படுகின்றன.

களப்பயணம் என்பது பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசென்று, நேரிற் கண்டும் கேட்டும் தொட்டும் கற்கச் செய்வதாகும். இலங்கையின் ஆரம்பக் கல்வியிலே 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடம் இவ்வெண்ணத்தையே அடித்தளமாகக் கொண்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022இல் எரிபொருள் நெருக்கடியால் பேருந்துகள் முடங்கியபோதும் வெளியே செல்லுதல் இயலாததாயிற்று. அக்காலங்களில் ஒளிப்படங்களையும் காணொளிகளையும் எல்லாத் திசையும் காட்டும் வட்டப்படங்களையும் திரையிலே தொடுத்து, பயணம் போனதாகப் பாவனை செய்யும் முறை பலருக்குக் கைகொடுத்தது. முறை அதற்கு முன்பே உருவானது. கூகிள் நிறுவனம் 2015இல் தொடக்கிய 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்னும் செயலி, காகித அட்டைப் பெட்டிக்குள் கைப்பேசியை வைத்துப் பார்க்கும் எளிய கருவியின் துணையோடு பல நாடுகளின் வகுப்பறைகளுக்குச் சென்றது. 2021இல் அந்நிறுவனமே அதனை நிறுத்திவிட்டது. ஆசிரியர் தமது குறிப்பேட்டில் எழுதிவைக்காத திட்டம் ஒரு நிறுவனத்தின் விருப்பத்தோடு மறைந்துவிடக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அச்செயலியின் அமைப்பில் ஓர் அம்சம் ஆராயத்தக்கது. ஆசிரியர் தமது திரையில் ஓரிடத்தைத் தொட்டவுடன் பிள்ளைகளின் காட்சியில் அம்புக்குறி தோன்றி அத்திசைக்கு அவர்களைத் திருப்பும். எப்பிள்ளை எங்கே பார்க்கின்றது என்பதைச் சிறு முகக்குறிகள் ஆசிரியருக்குக் காட்டும். ஒழுங்கை விரும்பும் ஆசிரியருக்கு இது பெருவசதிதான். ஆனால் களத்திலே பிள்ளை கற்பது பெரும்பாலும் அம்புக்குறி காட்டாத பக்கத்திலன்றோ! கோபுரத்தைப் பார்க்கச் சொன்னால் கோபுரத்துப் புறாவைப் பார்ப்பது பிள்ளையின் இயல்பு. புறாவிலிருந்து கோபுரத்துக்கு வரும் வழியைத் திட்டமிடுபவர் அறிந்திருத்தல் வேண்டும். படங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வாக்கியம் எழுதி அதற்குக் களப்பயணம் எனப் பெயரிடுவது, வழியே சொல்லாமல் ஊர்ப்பெயர்களை மாத்திரம் அடுக்கிய ஆற்றுப்படையை ஒத்ததாகும்.

சிறுபிள்ளைகள் இடத்தை உணரும் விதம் பற்றிய ஆய்வுகளும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. பியாஜேயும் இன்ஹெல்டரும் நடத்திய மூன்று மலைகள் பரிசோதனை புகழ்பெற்றது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பொம்மைக்கு மலைகள் எவ்வாறு தோன்றும் எனக் கேட்டபோது, இளம்பிள்ளைகள் தமக்குத் தோன்றிய காட்சியையே தெரிந்தனர். பிறர் நோக்குநிலையை ஏற்கும் ஆற்றல் அவ்வயதில் இல்லை என்பது அதிலிருந்து பெறப்பட்ட முடிபு. ஆனால் மார்ட்டின் ஹியூஸ் அதே வினாவை, பொலிஸ்காரனிடமிருந்து ஒரு பையனை ஒளித்துவைக்கும் விளையாட்டாக மாற்றியபோது நான்கு வயதுப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் சரியாக விடையளித்தனர். மார்கிரட் டொனால்ட்சன் 1978இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக எடுத்துரைக்கின்றது. காரணம் விளங்கும் செயலிலே பிள்ளையின் அறிவு பியாஜே கருதியதைவிட நெடுந்தூரம் செல்லும் என்பது இதனாற் பெறப்படும். நான்கு புறமும் சுழலும் படத்தின் நடுவிலே காரணமின்றி நிறுத்தப்பட்ட பிள்ளைக்குத் தலைசுற்றுமேயன்றித் திசை புலப்படாது. ஒளித்துவைக்கவோ தேடவோ ஏதேனும் ஒன்று கொடுக்கப்படுதல் வேண்டும்.

இப்பொதுக் கருத்துகளை ஓர் இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு நல்லூர் பெரிதும் பொருத்தமானது. யாழ்ப்பாண அரசின் தலைநகராக இருந்த ஊர். ஆறுமுக நாவலர் 1822இற் பிறந்த ஊர். அவரே பிள்ளைகளின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களை வகுத்தவர் என்பதால் ஆரம்பக் கல்வித் திட்டத்துக்கு இவ்வூர் அந்நியமன்று. நல்லூரைத் தேடுவதற்குரிய முதற்பொருள் திசையே. பழைய தலைநகரின் காவலாகக் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையாரும், மேற்கே வீரமாகாளியம்மனும், வடக்கே சட்டநாதரும், தெற்கே கைலாசப் பிள்ளையாரும் அமைந்திருந்தனரென்பது மரபு. மூன்றாம் தரத்துப் பிள்ளை வெறுந்தாளில் ஒரு சதுரம் வரைந்து நான்கு பக்கத்திலும் இக்கோயில்களைக் குறித்துவிட்டால், திரையைத் திறப்பதற்கு முன்பே நாற்றிசையும் அதன் கைக்குள் வந்துவிடுகின்றன. அதன்பின் யமுனா ஏரி. ஏரி என்பது பெயரளவிலேதான். உண்மையில் அது 'ப' என்னும் எழுத்தின் வடிவிலமைந்த கேணி. மேலிருந்து எடுத்த படத்திலே அந்த 'ப'வைத் தேடிக் கண்டுபிடி என்று சொன்னால் அரிச்சுவடி கற்கும் பிள்ளையும் பயணத்திற் சேர்ந்துகொள்ளும்.

திசையைவிடக் கடினமானது காலம். நல்லூரின் படங்களை வரிசையாகப் பார்க்கும் பிள்ளை, மிக உயர்ந்ததும் மிக அலங்காரமானதும் மிகப் பழையது என்றே கருதும். பெரியோர் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். கந்தசுவாமி கோயிலின் தெற்குப் பக்கத்து இராசகோபுரம் 2011இல் எழுந்தது. ஐந்தாம் தரத்துப் பிள்ளையின் அண்ணனுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயதாயிருக்கக்கூடும். இன்றைய கோயிலோ 18ஆம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் தோற்றம் பெற்றது. 1619இல் அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1621இல் இடித்த பழைய கோயில் நின்றதாகப் பலர் கருதும் முத்திரைச்சந்தைப் பக்கத்து நிலத்திலே இன்று காணப்படுவது புனித யாக்கோபு தேவாலயம். ஆகவே பழைய கோயிலைப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு வழிகாட்டி ஒரு தேவாலயத்தின் படத்தையே காட்டவேண்டியிருக்கின்றது! இவ்விடத்திற் படம் தோற்றுவிடுகின்றது, கதை தொடங்குகின்றது. இக்கதையைச் சமயப் பகைமையின் கதையாகச் சொல்லாமல், ஒரு நிலத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்த காலங்களின் கதையாகச் சொல்வதற்கு ஆசிரியரிடம் மிகுந்த நிதானம் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது விளங்காது என ஒதுக்குவது தவறு. தன் வீட்டு வளவிலே முன்பு நின்ற மாமரத்தைப் பற்றிக் கேட்டறிந்த பிள்ளைக்கு, முன்பு நின்ற கோயிலும் விளங்கும்.

சங்கிலியன் சிலை இன்னொரு சிக்கலைத் தருகின்றது. குதிரைமேல் வாளேந்திய அவ்வுருவம் 1974இல் நிறுவப்பட்டுப் பின்னர் 2011இற் புதுப்பிக்கப்பட்டது. அம்முகம் சிற்பியின் கற்பனை. படத்தைக் கண்ட பிள்ளை அதனையே அரசனின் முகமாக மனத்திற் பதித்துக்கொள்ளும். "இவர் இப்படித்தான் இருந்தாரென்று யாருக்குத் தெரியும்?" என்னும் வினாவைத் திட்டத்திலே எழுதிவைக்கும் ஆசிரியர், பிள்ளைக்கு வரலாற்றின் முதற்பாடத்தையே கற்பித்தவராவார். சங்கிலியன் தோப்பு வளைவுக்கும் மந்திரிமனைக்கும் இது பொருந்தும். அவற்றின் பெயர் அரசர் காலத்தைச் சுட்டுகின்றது. மந்திரிமனையின் கட்டட அமைப்பிலோ ஐரோப்பியர் காலச் சாயல் தெளிவாகத் தெரிகின்றது. பெயரையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடலாம்.

இனி, மெய்நிகர்ப் பயணம் உண்மையிலேயே நின்றுவிடும் இடம் ஒன்றுண்டு. கந்தசுவாமி கோயிலின் உள்ளே படம் பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. வீதியையும் கோபுரத்தையும் காட்டிய கமெரா வாசலோடு திரும்பிவிட வேண்டும். மூலத்தானத்திலே இருப்பதும் உருவச்சிலையன்று, வேல். இதனைக் குறைபாடெனக் கருதி வேறெங்கோ எடுத்த படங்களால் இடைவெளியை நிரப்புவோர் பயணத்தின் மிகச் சிறந்த கட்டத்தை இழந்துவிடுகின்றனர். வாசலிலே திரையை அணைத்துவிடலாம். பிள்ளைகள் கண்ணை மூடட்டும். மணியோசை ஒலிக்கட்டும். மேற்சட்டையின்றி நிற்கும் ஆண்களையும் சுடுமணலில் வெறுங்காலோடு அங்கப்பிரதட்டை செய்வோரையும் ஆசிரியர் சொற்களாலே காட்டட்டும். இது புதுமையன்று, இலங்கை வானொலி நல்லூர்த் திருவிழாவை நேர்முக வருணனையாக ஒலிபரப்பிய நாட்களில், நல்லூரை ஒருபோதும் காணாத வீடுகளிலும் தேர் அசைந்தது. படமே இல்லாத அவ்வருணனையிற் கேட்பவர் தேரைத் தாமே வரைந்துகொண்டனர். 25 நாள் திருவிழாவின் கச்சான் கடை வாசனையைத் திரை தராது. "கச்சான் வறுக்கும்போது உங்கள் வீட்டில் எப்படி மணக்கும்?" என்ற வினா தந்துவிடும்.

பயணம் யாருக்கென்பதும் திட்டத்தின் வடிவை மாற்றும். நுவரெலியாத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு நல்லூர் தூரத்து இடம். ரொறன்ரோவில் வளரும் பிள்ளைக்குப் பாட்டி சொல்லும் இடம். நல்லூர்ப் பிள்ளைக்கோ நாள்தோறும் கடக்கும் வீதி. மூவருக்கும் ஒரே படத்தொகுப்பைக் காட்டுவது சோம்பலாகும். நல்லூர்ப் பிள்ளைக்கு இடம் அருகே, காலம் தூரம். அதன் பயணம் பின்னோக்கியே நிகழவேண்டும். தோட்டப்பகுதிப் பிள்ளை தன் ஊர்க் காமன்கூத்தையோ மாரியம்மன் திருவிழாவையோ நல்லூருக்குத் திருப்பிக் காட்டும் வாய்ப்பும் திட்டத்தில் இருத்தல் வேண்டும். ஒருபக்கம் மாத்திரம் காட்ட மறுபக்கம் பார்த்துக்கொண்டே இருப்பது பயணமாகாது.

பாட்டியின் பெயர் எடுத்தபின் மறைக்க இயலாதது ஒன்றுண்டு. 1987 ஒக்ரோபரிலே இந்தியப் படையின் தாக்குதலின்போது பல்லாயிரம் பேர் நல்லூர்க் கோயிலிலே அடைக்கலம் புகுந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு வெளியேறினர். விளக்கும் கோபுரமும் காவடியும் மாத்திரம் கொண்ட நல்லூர், சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தின் நல்லூர். குண்டையும் பிணத்தையும் சிறுபிள்ளைக்குக் காட்டவேண்டுமென்பது இதன் கருத்தன்று. "கோயில் வீதியில் நீங்கள் எப்போதாவது இரவு தங்கியதுண்டா?" என்று வீட்டு மூத்தோரிடம் கேட்டுவரச் சொன்னாற் போதும். எவ்வளவு சொல்வது என்பதைச் சொல்பவரே தீர்மானிப்பார். அப்பொறுப்பைத் திரை ஏற்கமுடியாது.

மலைபடுகடாத்திலே வழிசொல்பவன் காட்டுவழியின் பொறிகளையும் வழுக்குப் பாறைகளையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களையும் முன்னரே எச்சரிக்கின்றான். தான் நடந்த வழியாதலால் எங்கே கால் இடறும் என்பது அவனுக்குத் தெரியும். மெய்நிகர்ப் பயணத் திட்டங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இல்லாதது இதுவே. திட்டமிடுபவர் நடக்காமலே வழிசொல்கின்றார். ஆற்றுப்படைகளிலே கேட்டவன் போய்ச்சேர்ந்த செய்தி பாடப்படுவதில்லை. அவனைப் புறப்படச் செய்வதோடு பாட்டின் வேலை முடிகின்றது. அவ்வாறே திட்டத்தின் வெற்றியையும் பாடவேளை முடிந்தபின் பிள்ளை கேட்கும் வினாவிலேதான் காணவேண்டும். நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையில் திமிங்கில எலும்புகள் உள்ளன. கடலில்லாத நல்லூருக்குத் திமிங்கிலம் எப்படி வந்தது என்று ஏதேனும் ஒரு பிள்ளை நிச்சயமாகக் கேட்கும். திட்டத்தின் கடைசிப் பக்கத்தை ஆசிரியர் அப்பிள்ளைக்காக வெறுமையாக விட்டுவைக்கலாம்.