கடலை வரையாதவர்கள்

கடற்கரை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு மின்சார ரயில் அம்பத்தூர் வழியாகப் போகிறது. கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் கடல் இல்லை. சாலைக்கு அப்பால் துறைமுகம் மறித்துக்கொண்டு நிற்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்களுக்குக் கடல் பெரும்பாலும் இப்படி ஒரு பெயர்ப்பலகைதான்.

நகரத்தின் சிறிய ஓவியக்கூடம் ஒன்று ஒரு பருவம் முழுவதையும் கடலுக்கு ஒதுக்கியிருந்தது. முதலில் ஓவியங்கள், பிறகு புகைப்படங்கள், கடைசியாக வலையும் கயிறும் சங்கும் கொண்டு ஓர் அறையை நிறைத்த அமைப்பு. மூன்றுக்கும் போனேன். மூன்றிலும் இருந்தது ஒரே கடல்தான், அதுவும் நீலம். திறமையற்றவர்களின் வேலை என்று சொல்ல முடியாது. நீர் வெளிச்சத்தை உடைக்கும் விதத்தை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் காற்று வாங்க வந்தவனின் இடத்தில் நின்றுகொண்டு கவனித்திருக்கிறார்கள். கூரையிலிருந்து தொங்கிய வலையில் பழுது பார்த்த முடிச்சு ஒன்றுகூட இல்லை. புகைப்படங்களில் மீனவன் எப்போதும் சூரியனுக்கு எதிரே, முகம் இல்லாமல், கறுப்பாக நிற்கிறான். கடலில் பிழைப்பவன் கடலுக்கு அலங்காரமாகிவிடுகிறான்.

கடலருகே இருப்பவன் கடலைத்தான் வரைவான் என்பது எளிய நம்பிக்கை. சோழமண்டலம் இதைப் பொய்யாக்கியது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், பத்திக் துணிகள் விற்ற பணத்தில், ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். அங்கே என்ன வரைந்தார்கள்? பணிக்கர் இளமையில் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர். அலைச் சத்தத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அவர் கையில் இருந்தது 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை. ஜாதகக் கட்டம், கணக்கு, வாசிக்க முடியாத எழுத்து. 1973இல் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்ட கே. ராமானுஜம் மசியில் வரைந்தவை அவருடைய சொந்தக் கனவு நகரங்கள். நந்தகோபால் உலோகத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் தொன்ம உருவங்கள் செய்தார். அங்கே கடலை யாருமே தொடவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த இயக்கத்தை இயக்கமாக்கிய படைப்புகளில் கடல் ஒரு விஷயமாக இல்லை என்கிறேன்.

கண்முன் கிடந்த கடலிலிருந்தும் பக்கத்துக் குப்பத்திலிருந்தும் அவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று குற்றம் சாட்டலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் பணிக்கரின் பிரச்னை வேறு. பாரிஸைக் கடன் வாங்காமல் நவீனனாக இருப்பது எப்படி என்பது அது. கான்வாஸும் எண்ணெய்ச் சாயமுமாகக் கடலை வரைய உட்கார்ந்தால், டர்னரின் கடலோ மோனேயின் கடலோ ஏற்கெனவே தூரிகையில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை மறுப்பதற்குக் கடலையே விட்டுவிட வேண்டியிருந்தது. கண்காட்சியில் நான் பார்த்த நீலம் இப்படிக் கடன் வாங்கிய நீலம்தான். வங்கக்கடலை அதில் தேடினேன், கிடைக்கவில்லை.

பணிக்கரின் ஆசிரியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1959இல் மெரினாவின் வடகோடியில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அலையோ, படகோ, கடலை நினைவுறுத்த எதுவுமோ அதில் இல்லை. ஆனாலும் அந்த உடல்களின் பாரம், பின்னால் விரியும் வெளியோடு வாக்குவாதம் செய்கிறது. கூடத்துக்குள் பார்த்த எதிலும் இந்த வாக்குவாதம் இல்லை.

அங்கிருந்து சற்று வடக்கே நேப்பியர் பாலத்தருகே கூவம் கடலில் விழுகிறது. பருத்திப்பட்டு, திருவேற்காடு வழியாக, எங்கள் பக்கத்திலிருந்து போகும் ஆறு அது. நாங்கள் கடலைப் பார்ப்பதில்லை. கடல் எங்களைத் தினமும் வாங்கிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது படகும் வலையும் கறுத்தன. சாக்கடையை வரையுங்கள் என்று நான் உபதேசிக்கவில்லை. படைப்பவனுக்கும் கடலுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்பது படத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எஞ்சுவது காட்சி, வரவேற்பறைக்கு உகந்த காட்சி.

ஒரு விலக்கு இருந்தது. வாசல் மேஜைக்குப் பின்னால், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், ஒரு சிறிய படம். ஏறக்குறைய முழுவதும் சாம்பல் மணல். மேல் விளிம்பில் நகத்தின் அகலத்துக்கு நீர். மணலின் குறுக்கே கறுப்பாக ஒரு வாய்க்கால் அதை நோக்கிப் போகிறது. நான் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான். விற்றுப்போனதற்கான சிவப்புப் பொட்டு அதற்கு மட்டும் இல்லை.

ஓவியர்களை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நமக்குச் சௌகரியம். இந்தப் பக்கங்களில் எழுதுகிற நாமும் ‘கடல்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் ஆழம் தானாக வந்து சேரும் என்று நம்புகிறோம். அப்படி மூன்று கவிதைகள் நான் எழுதியிருக்கிறேன். அம்பத்தூரில், ஏரிப் பக்கம் ஜன்னல் வைத்த வீட்டில் உட்கார்ந்து எழுதியவை. மூன்றிலும் ஏரி இல்லை.