மாதுளைத் தடி

அம்மம்மா நட்ட மாதுளையின் விதை இன்னொரு மரத்தைத் தரும். தடியோ அதே மரத்தைத் தரும். விதையில் வேறொரு பூவின் மகரந்தம் கலந்திருக்கலாம், தடியில் கலப்பில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய முற்றங்களில் ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும், பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டிய தடி அதனால்தான் மதிப்புப் பெறுகிறது. ஈர மணல், அரை நிழல், உப்புக்காற்றுக்கு ஒரு மறைப்பு, மீதி பொறுமை. முதல் தளிரை நம்பக்கூடாது, அது தடி சேர்த்துவைத்த உணவின் செலவு. மெல்ல இழுக்கையில் விரல் உணரும் சிறு இறுக்கமே வேரின் பதில்.

கடைக்கன்று விரைவில் காய்க்குமே என்பார்கள். காய்க்கும்; அம்மம்மா மரத்தின் அந்தப் புளிப்பும் இனிப்பும் வராது. தடியோடு தாய்மரத்தின் நோயும் தொடரலாம் என்பது உண்மை. ஆகவே நல்ல கிளையைத் தேர்வதும் அன்பின் வேலைதான்.