ஜிடிபியை ரசிப்பது எப்படி?

சி மொழி படித்த ஒருவரிடம் "ஜிடிபி தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "கேள்விப்பட்டிருக்கிறேன், கறுப்புத் திரை, கஷ்டம்" என்று பதில் வரும். எனக்கு அப்போதெல்லாம் கோபம்தான் வரும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரே கட்டளையில் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய பிழைதேடும் கருவி (டீபக்கர்) இது. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை ஆட்கள் உழைத்துச் செதுக்கிவருகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அப்படியே நிறுத்தி, அதன் நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டையும் நீங்கள் கேட்டபடி எடுத்துக் காட்டும். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பிரின்ட்எஃப் போட்டு "இங்கே வந்தேன் 1", "இங்கே வந்தேன் 2" என்று அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்கள் நம் பிள்ளைகள். கல்லூரி ஆய்வகத்தில் யாராவது ஒரு மணி நேரம் ஒதுக்கிக் காட்டியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

ஜிடிபியின் சின்னம் ஆர்ச்சர் மீன். தண்ணீருக்கு மேலே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை, வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி அடித்து வீழ்த்தும் மீன். கண்டபடி பீய்ச்சாமல் குறிபார்த்து அடிக்கும். ஜிடிபியை அப்படித்தான் கையாள வேண்டும்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். கம்பைல் செய்யும்போது மைனஸ் ஜி என்ற விருப்பத்தைச் சேருங்கள். எந்த வரி எந்த முகவரியில், எந்த மாறி எங்கே என்ற விவரமெல்லாம் பைனரிக்குள் வந்துவிடும். பழகும்வரை ஆப்டிமைசேஷனை அணைத்துவையுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் தூக்கிப் போட்ட மாறியைக் கேட்டு, 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிற்பீர்கள். 'பிரேக்' என்று சொல்லி ஒரு ஃபங்ஷன் பெயரைக் கொடுங்கள், 'ரன்' கொடுங்கள், நிற்கும். 'நெக்ஸ்ட்' அடுத்த வரி, 'ஸ்டெப்' ஃபங்ஷனுக்குள், 'ஃபினிஷ்' அதிலிருந்து வெளியே, 'பிரின்ட்' மதிப்பைக் காட்டும், 'பேக்டிரேஸ்' யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தோம் என்பதைக் காட்டும். 'அப்', 'டவுன்' அந்தச் சங்கிலியில் மேலும் கீழும் போக. முதல் நாளைக்கு இது போதும்.

இதோடு நின்றுவிடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். மெயினில் ஒரு பிரேக்பாயின்ட், அதன்பின் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். இது வேடிக்கை பார்ப்பது. பிழை தேடுவது ஆகாது. இப்படிப் பயன்படுத்திவிட்டு "டீபக்கர் நேர விரயம்" என்று சொல்பவர்கள் இன்னும் ஜிடிபியைத் தொடவே இல்லை.

பெரியவர்களே டீபக்கரை மட்டம் தட்டியிருக்கிறார்களே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். யூனிக்ஸ் உலகின் பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் 1999-இல் வெளிவந்த தங்கள் நிரலாக்க நூலில், ஸ்டாக் டிரேஸும் ஓரிரு மாறிகளின் மதிப்பும் பார்ப்பதைத் தாண்டி டீபக்கரை நாடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-இல், அதன் கெர்னலுக்குள் டீபக்கரைச் சேர்க்க மறுத்து எழுதினார். டீபக்கர் கையில் இருந்தால் ஆட்கள் காரணத்தை விட்டுவிட்டு அறிகுறியைத் திருத்துவார்கள் என்பது அவருடைய கவலை. அதே மடலில், டீபக்கராக இல்லாவிட்டாலும், தான் ஜிடிபியை எப்போதும் பயன்படுத்துவதாகவும் சொல்லியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். கெர்னலுக்கான டீபக்கர் 2008-இல் 2.6.26-ஆம் பதிப்பில் உள்ளே வந்தும்விட்டது. அவர்கள் மூவரும் எதிர்த்தது யோசிக்காமல் வரி வரியாக நடப்பதை. அதை நானும் எதிர்க்கிறேன்.

பிரின்ட்எஃபை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் அச்சிட்டது உடனே கோப்புக்குப் போவதில்லை, பஃபரில் காத்திருக்கும். அதற்குள் நிரல் செத்துவிட்டால் பஃபரில் இருந்ததும் சேர்ந்து போய்விடும். ஐம்பதாம் வரியைத் தாண்டிய பிறகு செத்த நிரல், முப்பதாம் வரியிலேயே செத்ததுபோல் காட்டும். அதை நம்பி நீங்கள் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். ஜிடிபியில் நிறுத்துவது இரண்டு வகை. ஒன்று, நிரலின் ஓர் இடத்தில் நிறுத்துவது: பிரேக்பாயின்ட். மற்றது, நினைவகத்தின் ஓர் இடத்தில் எழுதப்படும்போது நிறுத்துவது: வாட்ச்பாயின்ட். வீட்டில் பணம் காணாமல் போகிறது என்று வையுங்கள். சந்தேகப்படும் வாசல் ஒவ்வொன்றிலும் ஆள் நிறுத்துவது முதல் வகை. பீரோவின் கைப்பிடியையே பிடித்துக்கொண்டு உட்கார்வது இரண்டாவது. முதல் வகைக்கு யார்மேல் சந்தேகம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதுக்குச் சந்தேகமே தேவையில்லை.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு சிறிய கணக்கு நிரல். ஒவ்வொரு கணக்குக்கும் பெயருக்கு 16 பைட், அதை ஒட்டி அடுத்த 4 பைட்டில் இருப்புத் தொகை. முருகன் கணக்கில் 500 ரூபாய். மாத முடிவில் அறிக்கை எடுத்தால் இருப்பு −1344230994 என்று வருகிறது. வரவு, செலவு, வட்டி, ஏற்றுதல், சரிசெய்தல் என்று இருப்பைத் தொடும் ஃபங்ஷன்கள் ஐந்து. ஐந்திலும் பிரேக்பாயின்ட் வைத்து ஆயிரம் கணக்குகளுக்கும் நின்று நின்று பார்க்கிறீர்கள். ஐந்தும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன.

இப்போது முருகனின் இருப்பின்மேல் ஒரு வாட்ச்பாயின்ட் வையுங்கள். 'கன்டின்யூ' கொடுங்கள். நிரல் தன் முழு வேகத்தில் ஓடிப்போய், நீங்கள் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தில் நிற்கிறது. பழைய மதிப்பு 500, புதிய மதிப்பு 430. இன்னொரு கன்டின்யூ: 43438. இன்னொன்று: 14723502. இன்னொன்று: −1344230994. பேக்டிரேஸ் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்த பெயரைத் தமிழுக்கு மாற்றும் ஃபங்ஷன் அது. பைட் பைட்டாக நகலெடுக்கும் சிறு லூப். இருப்புத் தொகைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அங்கே பிரேக்பாயின்ட் வைக்க யாருக்குமே தோன்றாது.

நடந்தது இதுதான். ஆங்கிலத்தில் எழுதினால் முருகன் 7 பைட். தமிழில், யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று ஏழு குறியீடுகள், ஆக 21 பைட். முடிவைக் குறிக்கும் சுழியத்தோடு 22. 16 பைட் பெட்டியில் 22 பைட்டைக் கொட்டியதில், னகரத்தின் பின்பாதியும் புள்ளியின் முன்பாதியும் இருப்புத் தொகையின் மேல் போய் விழுந்திருக்கின்றன. மிஞ்சிய இரண்டு பைட் அடுத்த கணக்கின் பெயர்ப் பெட்டியில் விழுகிறது. அடுத்த சுற்றில் அந்தப் பெயரும் தமிழாகும்போது அந்தத் தடயமும் அழிந்துவிடும். மாலதி என்ற பெயரை வைத்துச் சோதித்தவர்களுக்கு எதுவுமே சிக்கியிருக்காது. மாலதி 15 பைட், சுழியத்தோடு சரியாக 16! 500, 430, 43438 என்று அந்தத் தொகை பைட் பைட்டாக உருமாறுவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், நினைவகம் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இது முழு வேகத்தில் நடப்பதற்குக் காரணம் சிப். 80386 காலம் தொட்டே இன்டெல் சிப்புகளில் இதற்கென்றே நான்கு முகவரிப் பதிவேடுகள் இருக்கின்றன. முகவரியை அதில் எழுதிவைத்துவிட்டால், அங்கே யார் எழுதினாலும், எழுதி முடித்த உடனே சிப்பே நிரலை நிறுத்திவிடும். அந்த நான்குக்குள் அடங்காததைக் கேட்டால் ஜிடிபி ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி ஒவ்வொரு முறையும் மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும். அப்போது வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். ஆகவே வாட்ச் கொடுத்ததும் அது ஹார்டுவேர் வாட்ச்பாயின்ட் என்று பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

வாட்ச்பாயின்டுக்குள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. ஜிடிபி தெரியும் என்று சொல்கிறவர்களிலும் பலர் தடுக்கி விழும் இடம் அது. கணக்குகளை ஏற்றும் ஃபங்ஷனில் நிற்கிறீர்கள். 'கணக்கு' என்ற பாயின்டர் இப்போது முருகனைச் சுட்டுகிறது. அந்தப் பாயின்டர் வழியாக இருப்பை வெறுமனே 'வாட்ச்' செய்தால், ஜிடிபி கவனிப்பது முருகனின் இருப்பை அல்ல. 'கணக்கு எதைச் சுட்டுகிறதோ அதன் இருப்பு' என்ற கோவையை. லூப் அடுத்த சுற்றுக்குப் போய்ப் பாயின்டர் நகர்ந்ததும் கோவையின் மதிப்பு மாறிவிடுகிறது, உடனே மணி அடிக்கிறது. முருகனின் கணக்கை யாரும் தொடவே இல்லை. ஆயிரம் கணக்கு இருந்தால் நூற்றுக்கணக்கான பொய் மணி. அதைவிட மோசம், ஃபங்ஷன் முடிந்ததும் 'கணக்கு' என்ற உள்மாறியே இல்லாமல் போகிறது. கோவைக்கு இனிப் பொருள் இல்லை என்று சொல்லிவிட்டு ஜிடிபி அந்த வாட்ச்பாயின்டையே நீக்கிவிடும். பிழை அதற்குப் பிறகுதான் நடக்கப்போகிறது. உங்கள் காவல் அதற்கு முன்பே கலைந்துவிட்டது.

வாட்சோடு மைனஸ் எல் சேருங்கள். இப்போது ஜிடிபி கோவையை ஒரே ஒரு முறை கணக்கிட்டு, அது காட்டும் முகவரியைக் குறித்துக்கொள்கிறது. பாயின்டர் எங்கே போனாலும், ஃபங்ஷன் முடிந்தாலும் அந்த 4 பைட்டின் மேல் வைத்த கண் அகலாது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். வெறும் வாட்ச், 'இந்தக் கேள்விக்கு விடை எப்போது மாறுகிறது?' என்று பார்க்கிறது. மைனஸ் எல், 'இந்த இடத்தில் யார் கை வைக்கிறார்கள்?' என்று பார்க்கிறது. முதலாவதுக்கும் இடம் உண்டு. இணைப்புப் பட்டியலின் தலை எப்போது மாறுகிறது, அல்லது தலையில் இருப்பதன் மதிப்பு எப்போது மாறுகிறது, எதுவானாலும் சொல் என்று கேட்க அதுதான் சரி. ஆனால் நினைவகம் கெட்டுப்போன வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இரண்டாவதுதான் வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தராத ஜிடிபி பாடங்களை நான் பாடமாகவே மதிப்பதில்லை. கட்டளைகளை அகரவரிசையில் அடுக்கி 'ஐம்பது ஜிடிபி கட்டளைகள்' என்று தலைப்புப் போட்டால் பாடம் ஆகிவிடுமா?

திரையை நான்காகப் பிரித்து, ரெஜிஸ்டர் ஒரு மூலையில், ஸ்டாக் ஒரு மூலையில் என்று வண்ண வண்ணமாக அலங்கரித்துப் படம் பிடித்துக் காட்டுவது ஒரு மோகமாகிவிட்டது. அத்தனையும் காட்டுகிற திரை நீங்கள் கேட்காததைத்தான் அதிகம் காட்டுகிறது. பிழைச்செய்தியை அப்படியே வெட்டிச் சாட்பாட்டிடம் ஒட்டிக் காரணம் கேட்பது அடுத்த மோகம். உங்கள் பிராசஸின் நினைவகத்தை அது பார்க்கவில்லை. அதனால் பொதுவாக எது நடக்கும் என்று சொல்லும். இங்கே நடந்தது எது என்று ஜிடிபிதான் சொல்லும். ஐடிஇ-யில் பொத்தான் அழுத்திப் பழகியவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. பல ஐடிஇ-களில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஓடுவது இதே ஜிடிபி அல்லது எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கர். ஆனால் மைனஸ் எல்லுக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அப்போது புரியும் நான் ஏன் இந்தக் கறுப்புத் திரையைவிட்டு நகர மாட்டேன் என்று.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிடிபியைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுவேன். 'எங்கே?' என்ற கேள்வியானால் பிரேக். 'யார்?' என்ற கேள்வியானால் வாட்ச். கேள்வி எழுத வரவில்லையென்றால் ஜிடிபியைத் திறக்க மாட்டேன், நிரலை இன்னொரு முறை வாசிப்பேன். வாட்ச்பாயின்டோடு 'கமாண்ட்ஸ்' சேர்த்து, ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பேக்டிரேஸை அச்சிட்டுவிட்டுத் தானே தொடரச் சொல்லிவிட்டால், அந்த இடத்தைத் தொட்ட கைகள் அத்தனையும் வரிசையாகப் பதிவாகிவிடும். லினக்ஸில் ஜிடிபி தான் ஓட்டும் நிரலுக்கு, முகவரிகளை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றியமைக்கும் முகவரிக் குலுக்கலை அணைத்துவிடுகிறது. உள்ளீடு மாறாதவரை நேற்று குறித்துவைத்த முகவரி இன்றும் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். அந்த முகவரிகளை நான் ஒரு நோட்டில் எழுதிவைப்பதுண்டு.

இதெல்லாம் கைக்கு வந்தபிறகு பின்னோக்கிப் போங்கள். 2009-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, 'ரெக்கார்டு' கொடுத்து ஓட்டினால் 'ரிவர்ஸ் கன்டின்யூ' மூலம் நிரலைப் பின்னால் நடத்த ஜிடிபியால் முடியும். வேகம் மிகக் குறைவு, சிறிய நிரலுக்குத்தான் சரிப்படும். பெரியவற்றுக்கு, ஃபயர்ஃபாக்ஸ் பிழைகளைத் துரத்துவதற்காக மொசில்லாவில் பிறந்த 'ஆர்ஆர்' இருக்கிறது. ஓட்டத்தை ஒருமுறை பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவின்மேல் ஜிடிபியை ஏவிவிடலாம். இருப்பு கெட்டுப்போயிருப்பதைப் பார்த்த பிறகு அதன்மேல் மைனஸ் எல்லோடு வாட்ச் வைத்து, ரிவர்ஸ் கன்டின்யூ கொடுத்தால், கடைசியாக அங்கே எழுதியவரின் வரியிலேயே போய் நிற்கும். ஆர்ஆர் லினக்ஸில்தான் ஓடும், சிப்பின் செயல்திறன் எண்ணிகளும் அதற்கு வேண்டும். சில மெய்நிகர் கணினிகளில் அவை கிடைப்பதில்லை, அதனால் முதலில் ஒரு சின்ன நிரலைப் பதிவு செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.