கோப்பை இருக்கு, கிளப் எங்கே?

சங்கரன்கோவில் பக்கம் எந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினாலும் ஒரு கபடிப் போட்டி நோட்டீஸ் கண்ணில் படும். டீக்கடைச் சுவர், மின்கம்பம், பூட்டிக் கிடக்கிற கடையின் ஷட்டர் என்று இடம் பார்க்காமல் ஒட்டியிருப்பார்கள். நான் அதை நின்று முழுசாகப் படிக்கிற ஆள். தமிழில் மரபு மாறாமல் எழுதப்பட்டு வருவது இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையும் இந்த நோட்டீஸும்தான் என்பது என் கட்சி. மேலே தலைவர்கள் படம், கீழே நடிகர்கள் படம், நடுவில் ஒரு சிங்கமோ காளையோ முறைத்துக்கொண்டு நிற்கும். 'மாபெரும்' என்கிற சொல் கட்டாயம் உண்டு. முதல் பரிசு 20,001 ரூபாய். அந்த ஒத்த ரூபாயில்தான் மரியாதையே இருக்கிறது. பணம் கொடுத்தவர் பெயர், அவருடைய தகப்பனார் நினைவு, சுழற்கோப்பை வாங்கிக் கொடுத்தவர் பெயர். அப்புறம் விதிமுறைகள். நடுவர் தீர்ப்பே இறுதியானது. காயம் பட்டால் விழாக் கமிட்டி பொறுப்பல்ல. வீரரின் எடை இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கடைசியாக 'இவண்' என்று போட்டு, ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பெயர்.

கோளாறு அந்தக் கடைசி வரியில்தான்.

கிளப் என்றால் என்ன? பந்து வாங்கப் பத்துப் பேர் காசு போட்டால் அது கூட்டாளிகள் கூட்டம். கிளப் என்றால் அதற்கு ஒரு ஆடுகளம் வேண்டும். உறுப்பினர் பதிவேடும் மாசச் சந்தாவும் வேண்டும். வரவு செலவு எழுதிய நோட்டு வேண்டும். முக்கியமாக, ஆரம்பித்தவன் கல்யாணம் ஆகித் திருப்பூருக்குப் போன பிறகும் அது நடக்க வேண்டும். நம்ம ஊர் கிளப் எல்லாம் இந்தக் கடைசிப் பரீட்சையில்தான் தோற்கிறது. தலைவருக்கு வேலை கிடைத்த அன்றைக்குக் கிளப் முடிந்தது. நெட் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

நன்கொடைப் புத்தகத்தோடு வந்த பையன்களிடம் ஒருதரம் கேட்டேன். "உங்க கிளப்புல எத்தனை மெம்பர்?" ஒருத்தன் இன்னொருத்தன் முகத்தைப் பார்த்தான். "எல்லாருந்தான் அண்ணாச்சி." "என்னென்ன விளையாட்டு?" "எல்லாமுந்தான் அண்ணாச்சி. பொங்கலுக்குக் கபடி, கோயில் கொடைக்கு வாலிபால், லீவுல கிரிக்கெட்." பல விளையாட்டு கிளப் என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் வேறு இல்லை. பண்டிகைக்கு ஒரு விளையாட்டு. மிச்ச நாளில் நெட்டுக் கம்பம் மட்டும் நிற்கும். அதில் யாராவது ஆட்டைக் கட்டியிருப்பார்கள்.

பையன்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? அவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது யார்? 1972ல் நேரு யுவ கேந்திரா வந்தது. இளைஞர் மன்றம் என்று ஒன்றைப் பதிந்தால் பந்து கிடைக்கும், நெட் கிடைக்கும் என்றார்கள். மன்றங்கள் முளைத்தன. பந்து கிழிந்ததும் மன்றமும் கிழிந்தது. 2006ல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். மாநிலம் முழுக்க 12,618 ஊராட்சிகளிலும் குளம், நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் சேர்த்துச் செய்கிற ஏற்பாடு. 2008ல் மத்திய அரசின் பைக்கா திட்டம். பிறகு ஆட்சிக்கு ஆட்சி, பெயருக்குப் பெயர். 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கி 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுப் பொருள்கள் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருஷமாக எல்லா அரசாங்கமும் பொருளைத்தான் கொடுக்கிறது. அந்தப் பொருளை யார் பொறுப்பில் வைப்பது, சாயங்காலம் யார் எடுத்துக் கொடுப்பது, எந்தப் பையன் எந்தப் பொண்ணு தினமும் வந்தாங்கன்னு யார் குறித்து வைப்பது? ஊராட்சி அலுவலக பீரோ சாவியிடம்தான் கேட்கணும்.

கிளப் என்கிற சமாச்சாரமே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846ல் ஆரம்பித்தது. பெயரில்தான் கிரிக்கெட். ஹாக்கி உண்டு, டென்னிஸ் உண்டு. 1901ல் அவர்கள் தொடங்கிய ஹாக்கிப் போட்டி இந்த நாட்டின் பழைய போட்டிகளில் ஒன்று. ஆனால் அந்தப் பெவிலியனில் நம்ம ஆளுக்கு இடம் கிடையாது. ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று சொல்வார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காத ஒருவர் புச்சிபாபு நாயுடு. வசதியான துபாஷ் குடும்பம். 1888ல், அவருடைய இருபதாவது வயதில், இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். மைதானம், ஆட்டச் சாமான், பயிற்சி எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தார். 1908ல், நாற்பது வயதில், செத்தும் போனார். அவர் கிளப் நின்றது. அவர் பெயரில் ஒரு போட்டி நூறு வருஷம் தாண்டியும் பேசப்படுகிறது. நம்ம ஊர் நோட்டீஸில் நினைவுக் கோப்பை கொடுக்கிற புண்ணியவான்கள் ஒரு நிமிஷம் இதை யோசிக்கலாம். புச்சிபாபு விட்டுப்போனது கோப்பையை அல்ல.

அந்த மெட்ராஸ் கிளப்புகளின் காலத்தில் வளர்ந்த ஒருவர் எம்.ஜே. கோபாலன். 1934 நவம்பர் 4ஆம் தேதி, சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைப் போட்டவர் அவர்தான். 1935ல் இந்திய ஹாக்கி அணியோடு நியூஸிலாந்து போனார். 1936ல் இரண்டு வழி முன்னால் வந்தது. ஒன்று இங்கிலாந்துக்குக் கிரிக்கெட். இன்னொன்று பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு ஹாக்கி. கிரிக்கெட்டோடு போனார். அங்கே ஒரு டெஸ்ட்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் தயான்சந்தின் அணி தங்கம் வாங்கிவிட்டது. பாவம் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு விளையாட்டில் நாட்டுக்காக ஆடுகிற தெரிவு வந்ததே, அதைப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் பல விளையாட்டு, அதுவும் வருஷம் முழுக்க நடந்தால்தான் அப்படி ஒருத்தன் வருவான்.

இதையெல்லாம் சொல்வதால் பட்டணத்து கிளப்தான் உத்தமம் என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தடியில் உட்கார வைத்த புத்தி இன்னும் போகவில்லை. 2014ல் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை, வேட்டி கட்டியிருந்தார் என்று உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷம் கழித்து, வேட்டிக்கு ஒரு சட்டம்!

இங்கேதான் கடல் தாண்டி ஒரு நடை போய் வரணும். யாரைச் சேர்ப்பது, யாரை வாசலில் நிறுத்துவது என்பதில் கொழும்பு கிளப்புகளைப் போல வெளிப்படையாகப் பெயரிலேயே எழுதி வைத்தவர்கள் குறைவு. 1899ல் தமிழ் யூனியன் கிரிக்கெட் அண்ட் அத்லெடிக் கிளப். அதே 1899ல் சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப். முஸ்லிம்களுக்கு மூர்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப். பறங்கியர்களுக்கு பர்கர் ரிக்ரியேஷன் கிளப். எந்த இனமானாலும் வரலாம் என்று ஒரு கிளப் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் நான்டிஸ்கிரிப்ட்ஸ். இன்னாரென்று வகைப்படுத்த முடியாதவர்கள் என்று அர்த்தம். குசும்புக்காரர்கள்.

தமிழ் யூனியன் தன் மைதானத்தைத் தானே உருவாக்கியது. முன்னின்றவர் பைக்கியசோதி சரவணமுத்து. இன்றைக்கு அந்த மைதானம் அவர் பெயரில் இருக்கிறது. 1948ல் பிராட்மன் அங்கே ஆடினார். பிட்ச் நீளம் இரண்டு கஜம் குறைகிறது என்று அவர் சந்தேகப்பட, அளந்து பார்த்தால் நிஜமாகவே இருபது கஜம்தான் இருந்ததாம். (நம்ம ஊர் கபடிக் கோட்டுக்கு அடி வைத்து அளக்கிறவர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.) 1982 பிப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் அங்கேதான் நடந்தது. 1983 ஜூலைக் கலவரம் மூண்ட பொரளை, மைதானத்துக்குப் பக்கம். இரண்டே வருஷத்தில், 1985 செப்டம்பரில், அதே மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அதுவும் நம்மைத் தோற்கடித்து. கண்டியிலிருந்து வந்து தமிழ் யூனியனுக்கு ஆடிய முரளிதரன் பிறகு 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். அதே கிளப்புக்கு ரங்கன ஹேரத்தும் ஆடினார், சுரங்க லக்மலும் ஆடினார். பெயரில் தமிழ், ஆடுகிறவர்களில் சிங்களவரும். பெயர் மாறவில்லை. வாசல் அகலமாகிவிட்டது. ஒரு கிளப் வளர்ந்ததா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு அளவுதான் தெரியும். கோப்பைகளின் எண்ணிக்கை இரண்டாம் பட்சம்.

இப்போது திரும்பி நம்ம நோட்டீஸைப் பாருங்கள். கொழும்பில் பெயரில் எழுதினார்கள். நாம் நிறத்தில் எழுதுகிறோம். பனியனுக்கு என்ன நிறம், நோட்டீஸ் ஓரத்துக்கு என்ன நிறம், மேலே இருப்பது எந்தத் தலைவர் என்று பார்த்தால் போதும், கிளப் எந்தத் தெரு என்று இந்தப் பக்கத்து எட்டு வயசுப் பிள்ளையும் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் வரைக்கும் வந்து, 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024ல் அவர் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டிருக்கிறார். பனியனை யார் கேட்பது? மணத்தி கணேசன் 1994ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர், 1995ல் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படத்தைப் பார்த்துவிட்டு நம்ம பக்கத்துப் பையன்கள் தியேட்டரில் விசில் அடித்தார்கள். சந்தோஷம். மறுநாள் சாயங்காலம் பக்கத்துத் தெருக்காரனைத் தங்கள் அணியில் ஒரு ரைடு போகச் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று நாகர்கள் சண்டை போட, கோமதி அம்மன் தவம் இருந்து இரண்டு பேரையும் ஒரே உடம்பில் நிற்கவைத்த ஊர். ஆடித்தபசுக்கு அந்தச் சங்கரநாராயணரைப் பார்க்க லட்சம் பேர் வருகிறார்கள். சாமிக்கு முடிந்தது வாலிபால் டீமுக்கு முடியவில்லை.

பொம்பளைப் பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். நோட்டீஸில் அவர்கள் பெயரே கிடையாது. பள்ளிக்கூட அணியில் நன்றாக ஆடுகிற பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் அவளுடைய ஆட்டமும் முடிந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். கண்ணகி நகர் ஒன்றும் பணக்கார இடம் கிடையாது. நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விடப்பட்ட ஜனங்கள் இருக்கிற குடியிருப்பு. அங்கே முடிகிறது, விசைத்தறி ஓடுகிற ஊரில் ஏன் முடியாது?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கழுகுமலை வழியாக நாற்பது கிலோமீட்டர் போனால் கோவில்பட்டி. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் மாதிரி ஹாக்கியும் அந்த ஊரின் உற்பத்தி. ஹாக்கிப்பட்டி என்றே சொல்வார்கள். 2022ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இரண்டு தமிழ்ப் பையன்கள். மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கார்த்தி அரியலூர்க்காரர், ஆனால் கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பயின்றவர். அரசாங்கம் செயற்கைப் புல் போட்டது பிற்பாடு. அதற்கு ரொம்ப முன்னாலேயே மண் தரையில், தெருவுக்குத் தெரு, காலையும் சாயங்காலமும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் அங்கே இருந்தது. வேலை கிடைத்துப் போனவன் லீவில் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். இதுவும் ஒற்றை விளையாட்டுதான், குறை உண்டு. ஆனால் பொங்கல் முடிந்ததும் அது முடிந்து போவதில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து மாவட்ட விளையாட்டரங்கத்துக்குப் போகணும் என்றால் பல காலம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குத்தான் போகணும். 2019ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. சின்ன ஊர்ப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் வாசலிலேயே மைதானம் வந்துவிடவில்லை. சாயங்காலம் நாலரைக்குப் பூட்டுகிற அரசுப் பள்ளி கேட்டை ஏழு மணி வரை திறந்து வைக்க ஒரு கிளப் பொறுப்பேற்றுக் கேட்டால் தலைமையாசிரியர் யோசிப்பார். 'எல்லாருந்தான் அண்ணாச்சி' என்று நிற்கிற கூட்டத்திடம் எந்தத் தலைமையாசிரியர் சாவியைக் கொடுப்பார்?

சங்கப் பதிவுச் சட்டம் 1975லிருந்து இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் பதிந்துவிடலாம். வருஷா வருஷம் கணக்குக் காட்டணும், அவ்வளவுதான். அந்த ஏழில் மூன்று பேர் வேறு வேறு தெருவாக இருக்கட்டும், இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். அறுபது உறுப்பினர், மாசம் இருபது ரூபாய் சந்தா. ஒரு டீ, ஒரு வடையை விட்டுக்கொடுத்தால் போதும். வருஷத்துக்கு 14,400 ரூபாய். முதல் பரிசுக்கு ஆள் பிடிக்கிற 20,001ஐவிடக் கம்மிதான். ஆனால் அடுத்த வருஷமும் வரும். யார் தகப்பனார் பெயரையும் போட வேண்டியதில்லை.