மேசைமேல் விரியும் போர்க்களம்: எப்படி ரசிப்பது?

சாப்பாட்டு மேசை அளவில் ஒரு பலகை. அதன்மேல் பச்சைத் துணி, இரண்டு குன்றுகள், குறுக்கே ஒரு நதி, நாலைந்து வீடுகள். விரற்கடை உயரமே உள்ள சிப்பாய்கள் சீருடையோடு அணிவகுத்து நிற்கிறார்கள். பக்கத்தில் ஓர் அளவு நாடா, ஒரு கை பகடைகள், ஒரு விதிநூல். மினியேச்சர் வார்கேமிங் என்னும் இந்தப் பொழுதுபோக்கை முதன்முறை எட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “இதில் யார் ஜெயிக்கிறார்கள்?”

அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவையுங்கள். இந்த ஆட்டத்தின் சுவை வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த நிமிடத்தில் படையை நடத்தும் தளபதிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அந்த அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு அவர் என்ன முடிவெடுக்கிறார்? இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு மேசையில் ஒரு நிமிடம்கூடச் சலிக்காது.

சதுரங்கத்திலிருந்து இங்கே

யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை நம் சதுரங்கம் பலகைக்குக் கொண்டுவந்தது. அது ஐரோப்பா போய் செஸ் ஆனது. 1780-இல் பிரன்ஸ்விக் நகரின் கணித ஆசிரியர் ஹெல்விக் அந்தச் செஸ் பலகையையே பெரிதாக்கி, கட்டங்களுக்கு நிலத்தின் தன்மைகளைத் தந்து, ஒரு போர் ஆட்டத்தை உருவாக்கினார்.

ஆனால் போரைக் காட்டுவதில் சதுரங்கத்துக்கு இரண்டு குறைகள். எதிராளியின் காய்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நகர்த்திய காய் சொன்ன இடத்துக்குப் போயே தீரும். நிஜப் போர்க்களத்தில் இரண்டும் கிடையாது. 1824-இல் பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ விதிகள் அந்தக் குறைகளைத் தீர்த்தன. விரித்துவைத்த நிலவரைபடத்தின்மேல் ஆடும் ஆட்டம் அது. தன் படைகளின் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே ஆட்டக்காரர் அறிவார். மற்றதெல்லாம் நடுவருக்குத்தான் தெரியும். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடை தீர்மானித்தது. மறைவும் தற்செயலும் ஆட்டத்துக்குள் வந்தன.

படைமுகாமில் இருந்த இதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் காலாட்படைக்கு ஒரு முறைக்கு ஓரடி நகர்வு, குதிரைப்படைக்கு இரண்டடி. மரக்குச்சியைச் சுடும் ஸ்பிரிங் பொம்மைப் பீரங்கியால் குறிபார்த்து ஈயச் சிப்பாய்களை நிஜமாகவே வீழ்த்துவார்கள். 1962-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் ‘வார் கேம்ஸ்’ நூலை எழுதினார். சவுத்தாம்ப்டனில் பிசியோதெரபிஸ்டாக இருந்த அவருடைய எழுத்தால் பிரிட்டனில் ஒரு தலைமுறையே இந்தப் பொழுதுபோக்குக்கு வந்து சேர்ந்தது. இன்று நெப்போலியன் காலம், பண்டைய ரோம், 1983-இல் வெளிவந்த ‘வார்ஹாமர்’ திறந்துவிட்ட மாயாஜால உலகம் என்று எந்தக் களத்துக்கும் விதிநூல் கிடைக்கிறது.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

ஆட்டம் தொடங்குமுன் சிப்பாய்களை விட்டுவிட்டு நிலத்தைப் படியுங்கள். எந்தக் குன்றிலிருந்து எதுவரை பார்வை போகிறது? நதியைக் கடக்க எத்தனை இடம்? காட்டுக்குள் நுழைந்தால் அணிவகுப்பு குலையுமா? அனுபவசாலிகள் குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள். மேலிருந்து பார்த்தால் திறந்தவெளியாகத் தெரிந்த இடம், சிப்பாயின் கண்மட்டத்தில் பார்த்தால் குன்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நீங்களும் குனியுங்கள்.

நவராத்திரிக் கொலுவில் பூங்கா வைத்த கைகளுக்கு இந்த மேசை அந்நியமாகத் தோன்றாது. கண்ணாடித் துண்டு குளமாகி, முளைவிட்ட கடுகு வயலாகி நிற்கும் அதே சுருக்கக் கலைதான் இங்கும். இரண்டு வீடுகள் ஒரு கிராமம். இருபது உருவங்கள் அறுநூறு பேர் கொண்ட படைப்பிரிவு. எதை விடுவது, எதை வைப்பது என்று மேசையை அமைத்தவர் எடுத்த முடிவுகளைக் கவனிப்பது ரசனையின் முதல் படி.

உருவங்களை மூன்றடி தள்ளி நின்று பாருங்கள்

உருவங்கள் 6 மி.மீ., 15 மி.மீ., 28 மி.மீ. எனப் பல அளவுகளில் வருகின்றன. சிறிய அளவில் படையின் பரப்பு அழகு, 28 மி.மீ. அளவில் முகமும் முறுக்கு மீசையும் அழகு. கையில் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தால் தலையும் கையும் சற்றுப் பெரிதாக, நிழல் அளவுக்கு மீறிக் கறுப்பாகத் தெரியலாம். அது வேண்டுமென்றே செய்தது. ஆட்டத்தில் உருவத்தை மூன்றடி தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் மெல்லிய நிழல் காணாமல் போய்விடும். அதனால் நீர்த்த கருவண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு நிழலை ஆழமாக்குவார்கள். பிறகு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்வண்ணம் தொட்டு மேடுகளைத் தடவி ஒளியேற்றுவார்கள். ஒரு படைப்பிரிவை மொத்தமாக, தள்ளி நின்று பாருங்கள். இருபது உருவங்களும் ஒரே படையாகத் தெரிந்தால் வண்ணம் தீட்டியவர் வென்றுவிட்டார்.

அணிவகுப்பு மாறும் கணம்

நெப்போலியன் காலக் களமென்றால் மூன்றே வடிவங்களைத் தெரிந்துகொண்டால் போதும். அகன்ற வரிசையில் நின்றால் அதிகத் துப்பாக்கிகள் சுடும். ஆனால் நகர்வது கடினம். ஒடுங்கிய நெடுவரிசை வேகமாக நகரும். முன்னால் நிற்கும் சிலரால்தான் சுட முடியும். நாற்புறமும் கத்திமுனை நீட்டிய சதுரத்துக்குள் குதிரைப்படை எளிதில் நுழைய முடியாது. ஆனால் நெருக்கி நிற்கும் அந்தச் சதுரம் பீரங்கிக்கு எளிய இலக்கு. 1815-இல் வாட்டர்லூவில் பிரெஞ்சுத் தளபதி நேயின் குதிரைப்படை திரும்பத் திரும்பப் பாய்ந்தபோது பிரிட்டிஷ் காலாட்படை இப்படித்தான் சதுரமாக நின்று தாங்கியது.

எனவே குதிரைப்படை தூரத்தில் தலைகாட்டும்போது காலாட்படைக்காரரின் முகத்தைப் பாருங்கள். இப்போதே சதுரமாக மாறினால் எதிரிப் பீரங்கி அடிக்கும். தாமதித்தால் குதிரைகள் மிதிக்கும். ஒரு பகடைகூட உருளாத அந்தச் சில நொடிகளில்தான் ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது.

பகடையின் பங்கு

“பகடை விழுந்தபடி நடக்கிறது, இதில் என்ன திறமை?” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறு பகடை உருட்டுகிறீர்கள். 5 அல்லது 6 விழுந்தால் குறி தப்பவில்லை என்று விதி. சராசரியாக இரண்டு குறி கிடைக்கும். ஒன்றுகூடப் படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய பதினொன்றில் ஒன்று. ஓர் ஆட்டத்தில் இருபது முறை சுட்டால் அந்தப் பேரேமாற்றம் ஒன்றிரண்டு தடவையாவது வர வாய்ப்பு அதிகம். நல்ல ஆட்டக்காரர் அது வரலாம் என்று தெரிந்து பின்னணியில் ஒரு சேமப்படையை நிறுத்தியிருப்பார். பகடையை எறிவதற்கு முன்னால் அவர் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளே அவருடைய திறமை.

தனியாக ஆடுவதன் ருசி

இந்தப் பொழுதுபோக்கின் ஆழத்தை உணரத் தனியாக ஆடிப் பார்க்க வேண்டும். துணை கிடைக்காதவர்களின் சமாதானம் என்று இதை எண்ண வேண்டாம். இதற்கென்றே ஃபெதர்ஸ்டோன் 1973-இல் ‘சோலோ வார்கேமிங்’ என்று தனிநூல் எழுதினார். தனியாக ஆடுபவருக்குத் தோற்கடிக்க எதிராளி இல்லை. வென்று காட்டப் பார்வையாளர் இல்லை. மிஞ்சுவது ஒரே கடமை: இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக இருப்பது. சிவப்புப் படையை நகர்த்தும்போது நீலப்படைக்கு என்ன திட்டம் என்று தெரிந்திருந்தும் தெரியாதவராக யோசிக்க வேண்டும். மனத்துக்கு இது கடினமான பயிற்சி, அதனால்தான் இவ்வளவு சுவை.

அந்த நியாயத்துக்கு உதவும் சில உத்திகள் உண்டு.

முதலாவது, சீட்டுக்கட்டு. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு சீட்டு ஒதுக்கிக் கலைத்துவையுங்கள். யார் சீட்டு வருகிறதோ அந்தப் பிரிவு நகரும். ஜோக்கர் வந்தால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது. நீங்கள் நம்பியிருந்த குதிரைப்படையின் சீட்டு கட்டுக்குள்ளேயே தங்கிப்போகலாம். ஆணை போய்ச்சேரவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது, எதிரியின் திட்டத்தைப் பகடையிடம் விடுவது. இடப்பக்கம் தாக்குதல், வலப்பக்கம் சுற்றிவளைப்பு, பாலத்தைக் காத்து நிற்றல் என ஆறு திட்டங்களை எழுதிவைத்து ஒன்றை உருட்டித் தேர்ந்தெடுங்கள். 1983-இல் வெளிவந்த சார்லஸ் எஸ். கிராண்டின் ‘புரோகிராம்டு வார்கேம்ஸ் சினாரியோஸ்’ இந்த வழியை முறையாக வகுத்துத் தந்தது.

மூன்றாவது, கவிழ்த்த அட்டைகள். எதிரிப் படைகளுக்குப் பதிலாக அட்டைகளைக் கவிழ்த்துவைத்து நகர்த்துங்கள். பாதி அட்டைகளில் படை உண்டு, பாதி வெறுமை. உங்கள் சிப்பாய் கண்டறியும் தூரத்துக்கு வந்தபின் புரட்டுங்கள். பிரஷ்ய நடுவர் மறைத்துவைத்த அதே மறைவு உங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடும்.

ஒரு சின்ன உதாரணம். நீலத்தின் மூன்று பிரிவுகள் ஒரு பாலத்தைப் பத்துச் சுற்று காக்க வேண்டும். சிவப்பிடம் ஆறு பிரிவுகள். எல்லாரும் பாலத்தை நோக்கித்தான் வருவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் பகடை, ‘மேல்புறத் துறையில் கடந்து வளைத்தல்’ என்ற திட்டத்தைத் தந்துவிட்டது. நான்காம் சுற்றில் காட்டோரம் இரண்டு கவிழ்த்த அட்டைகள் நெருங்குகின்றன. அவை வெறுமையாக இருக்கலாம். பாலத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்து அனுப்புவீர்களா? அனுப்பினால் பாலம் மெலியும். அனுப்பாவிட்டால் முதுகு திறந்து கிடக்கும். இரண்டு பக்கமும் நீங்களே. ஆனாலும் உங்களுக்குப் பதில் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டில் நடந்ததை எழுதிவையுங்கள். எந்தப் படைத்தலைவர் தப்பினார், எந்தப் பிரிவு ஓடியது என்ற குறிப்பு அடுத்த ஆட்டத்தின் தொடக்கமாகும். இப்படி ஆட்டங்களைக் கோத்து நீண்ட படையெடுப்பாக நடத்துவதில் டோனி பாத் முன்னோடி. தன் கற்பனை நாட்டுப் பிரபுக்களின் குணத்தைக்கூட அவர் சீட்டெடுத்தே தீர்மானித்தார்.

கையால் செய்த உபகரணங்கள்

கடையில் வாங்கிய மேசையைவிடக் கையால் செய்த மேசையில் பார்க்க அதிகம் இருக்கும். வெல்ஸ் தோட்டத்துச் சிறுகிளைகளை மரங்களாக நட்டார். விளைந்த கோதுமை வயலுக்குத் தேங்காய் நார் மிதியடியைத் துண்டு போடுவது பிரிட்டனில் பழகிப்போன உத்தி. விறைத்து நிற்கும் பொன்னிற நாருக்கு அத்தனை பொருத்தம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை நீளவாக்கில் வெட்டினால் வேலி. பழைய தலையணைப் பஞ்சு பீரங்கிப் புகை. அதனடியில் சின்ன பேட்டரி விளக்கு வைத்தால் எரியும் வீடு. ஐஸ் குச்சியில் அங்குலம் குறித்தால் நகர்வுக்கான அளவுகோல்.

குன்றுக்குத் தெர்மாகோல் போதும். அடுக்கடுக்காக ஒட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவி, ஃபெவிகால் பூசி மணல் தூவுங்கள். காய்ந்தபின் முதலில் பழுப்பு, அதன்மேல் உலர்தூரிகையில் வெளிர்மஞ்சள். ஓர் எச்சரிக்கை: ஸ்பிரே பெயின்டை நேரடியாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும். நதியை அட்டையில் செய்யும்போது நீலத்தை விட்டுவிட்டுப் பழுப்பும் பச்சையும் கலந்து தீட்டுங்கள். உண்மையான ஆறு பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் ஓடுகிறது. காய்ந்தபின் மேலே வார்னிஷ் இரண்டு பூச்சு.

தனியாக ஆடுபவர் அவசியம் செய்துகொள்ள வேண்டியது பகடைக் கோபுரம். உயரமான அட்டைப் பெட்டிக்குள் எதிரெதிராகச் சாய்ந்த மூன்று தட்டுகள், அடியில் ஒரு வாசல். மேலே போட்ட பகடை தட்டுத் தட்டாக மோதிக் கீழே வந்து விழும். அதில் உங்கள் கைக்கு வேலையில்லை. ஒரு பக்கத்தின் மேல் மனம் சாய்ந்திருந்தாலும் பகடை சாயாது. நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு அட்டையில் செய்த நடுவர் அது.

இன்னொருவரின் மேசையைப் பார்க்கும்போது, “இது எதில் செய்தது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைவிட மகிழ்ச்சி தரும் கேள்வி இந்த வட்டத்தில் இல்லை.

தொடங்குவது எளிது

பெருஞ்செலவு வேண்டாம். நீல் தாமஸ் 2014-இல் எழுதிய ‘ஒன்-அவர் வார்கேம்ஸ்’ மூன்றடிச் சதுர மேசையில், பக்கத்துக்கு ஆறு பிரிவுகளோடு முடியும் ஆட்டங்களைத் தருகிறது. அதில் 30 களச்சூழல்கள் இருக்கின்றன. உருவங்கள் இல்லையா? ஓவியர் பீட்டர் டென்னிஸ் வரைந்த காகிதச் சிப்பாய்களை வெட்டி ஒட்டிப் பெரும்படையே திரட்டுகிறார்கள். வண்ணமடித்த மரத்துண்டுகளும் போதும். ஆட்டத்தின் உயிரான முடிவெடுக்கும் கணம் அவற்றிலும் குறையாமல் கிடைக்கும்.

போரை விளையாட்டாக்கலாமா?

இந்தக் கேள்வி நியாயமானது. வெல்ஸ் தன் நூலின் முடிவில் இதற்கே வந்து சேர்ந்தார். தரையில் ஆடும் சின்னப் போரில்கூட இவ்வளவு குளறுபடி என்றால் பெரிய போர் எத்தனை மடத்தனமானதாக இருக்கும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் தொடங்கியது.

நேர்மையாகச் சில ஆட்டங்கள் ஆடியவர் வரலாற்றுப் புத்தகத்தை வேறு விதமாகப் படிப்பார். தோற்ற தளபதியை “முட்டாள்” என்று தள்ளிவிடாமல், “அவர் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்திருக்கும்?” என்று கேட்பார். வென்றவரின் மேதைமையில் எத்தனை பங்கு பகடை என்றும் கேட்பார். அட்டவணையில் ஓர் எண்ணாகக் குறைந்துபோன அறுநூறு பேரை நினைப்பார். இந்த மூன்று எண்ணங்களும் உங்களுக்குள் தாமாக எழத் தொடங்கினால், இந்த ஆட்டத்தை ரசிக்க நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.