நெகடிவ் படிக்கும் யந்திரம்

யந்திரத்துக்கு மதிப்புரை எழுதுவது கதைக்காரன் வேலையல்ல. ஆனால் ஆய்க்குடி வீட்டில் அக்காள் மகன் ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து மூன்று வாரம் நான் ஒரு வரி கதை எழுதவில்லை. இதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் மாமாவின் பிஸ்கட் டப்பாவால் வந்தது. முதலில் ஆக்பா கிளிக் 3 பெட்டிக் கேமராவிலும், பிறகு 35 மில்லிமீட்டர் கேமராவிலும் அவர் எடுத்த நெகடிவுகள் அதில் கிடந்தன. குற்றாலத்துச் சாரல் நமக்குச் சுகம், பிலிமுக்கு எமன். ஈரம் கண்டால் பூஞ்சை படர்ந்து ஜெலட்டினைத் தின்றுவிடுகிறது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தேடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். வீட்டு டப்பாவைத் தேடி யார் வருவார்கள்?

இந்த ரகத்து ஸ்கேனரில் மூடியிலும் ஒரு விளக்கு உண்டு. அதன் வெளிச்சம் பிலிமை ஊடுருவ, கீழே இருப்பது வரிவரியாகப் படித்துக்கொள்கிறது. படிப்பு நல்ல படிப்புதான், பெருமைதான் அதிகம். அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒரே நெகடிவை 2400-இலும் 6400-இலும் வருடிப் பார்த்தேன். கோப்புதான் பெருத்தது; புதிதாக ஒரு தலைமயிர்கூடத் தெரியவில்லை. பலரும் வாங்கும் எப்ஸன் வி600-ஐச் சோதித்தவர்களும் அதன் 6400-க்கு உண்மையில் கிடைப்பது 1600-க்குள்தான் என்று அளந்திருக்கிறார்கள். பக்கத்தைக் கூட்டினால் நாவல் பெரிதாகிவிடும் என்று நம்புகிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும்.

பெட்டிக் கேமராவின் சதுர நெகடிவுக்கு இது தாராளம். இரண்டு அங்குலத்துக்கு மேல் பிலிம். அந்தக் கேமராவின் லென்ஸும் அவ்வளவு கூர்மையானதல்ல, ஆகவே யந்திரம் இழப்பது ஒன்றுமில்லை. தென்காசி கோபுரம் 1990-இல் புதிதாகக் குடமுழுக்குக் காண்பதற்கு முன் பிளந்து நின்ற கோலம், மாமாவின் ஒரு படத்தில் இருக்கிறது. அதன்மேல் முளைத்த செடிகூடத் தெரிகிறது. இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

35 மில்லிமீட்டரில்தான் வினை. பேரருவிக்கரையில் அம்மா நிற்கும் படம் ஒன்றே ஒன்று, கறுப்பு வெள்ளை. முகம் மிளகளவு. தூசி நீக்கும் வசதியைப் போட்டுவிட்டான் பையன். அகச்சிவப்பு ஒளி வண்ணப் பிலிமின் சாயத்தைக் கடந்துவிடும், தூசியில் மட்டும் தடைப்படும். அதை வைத்துத்தான் யந்திரம் தூசியைக் கண்டுகொள்கிறது. கறுப்பு வெள்ளையிலோ உருவமே வெள்ளி. அதுவும் ஒளியைத் தடுக்கும். படத்தில் மின்னுகிற இடம் நெகடிவில் வெள்ளி அடர்ந்த இடமல்லவா? அம்மாவின் மூக்குத்தியைத் தூசி என்று துடைத்துவிட்டது!

"சுத்தமா இருக்கே மாமா" என்றான் பையன். அவன் பாட்டியைப் பார்த்ததில்லை.

வசதியை அணைத்துவிட்டு மறுபடி வருடினோம். மூக்குத்தி வந்தது, தூசியோடு. ஆனால் கண்கள் இன்னும் இரண்டு கறைதான். இதற்கு லைட் பெட்டிமேல் நெகடிவை வைத்து, கிட்டத்தில் எடுக்கும் மாக்ரோ லென்ஸால் கேமராவில் பிடிப்பதே மேல் என்கிறார்கள். தென்காசியில் அப்படி லென்ஸ் வைத்திருப்பவர் ஒருவரைப் பையன் விசாரித்து வைத்திருக்கிறான். சதுர நெகடிவுகளில் இன்னும் ஆறு சுருள் பாக்கி. சாரல் விழத் தொடங்கிவிட்டது. இன்று ராத்திரியே உட்கார வேண்டும்.