யோபின் வழக்கு: இறையாண்மைக் கோட்பாடும் துன்புறுவோர் குரலும்

1

இடர்மிகு காலங்களிலே தம் அடியாரை ஆற்றுப்படுத்துவதற்குக் கிறிஸ்தவத் திருச்சபைகள் பெரிதும் கையாண்டுவந்த நூல்களுள் யோபு ஆகமம் முதன்மையானது. யாவும் இறைவனின் ஆளுகைக்கு உட்பட்டவை. துன்பமும் அவன் அறியாது நேர்வதன்று. ஆதலின் முறையிடாது நம்பியிருத்தலே அடியாரின் கடன் என்பது இந்நூலினின்றும் பொதுவாக வடித்தெடுக்கப்படும் போதனையாகும். புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் யோபின் பொறுமையை எடுத்துக்காட்டியதிலிருந்து இப்போதனை ஒரு மரபாக வலுப்பெற்றது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகா கிரகரி 35 பாகங்களில் எழுதிய விரிவுரையும், 1554-55ஆம் ஆண்டுகளில் ஜெனீவாவிலே கல்வின் நிகழ்த்திய 159 பிரசங்கங்களும் இந்நூல் பெற்ற செல்வாக்கினைக் காட்டுவன.

முற்போக்குத் திறனாய்வாளர் இத்தகைய நூலொன்றினை எதிர்கொள்ளும்போது, மதம் மக்களுக்கு அபின் என்னும் தொடரை எடுத்துரைத்து அப்பாற் செல்வதே பெருவழக்கு. அவ்வாறு செல்வது பிரசங்கியாரின் வாசிப்பினை முற்றாக ஏற்றுக்கொண்டு, மதிப்பீட்டை மட்டும் தலைகீழாக்குவதாகும். நூல் அடக்கத்தைப் போதிக்கின்றது என்பதில் இரு சாராரும் ஒத்துநிற்கின்றனர். அந்நூல் உண்மையில் அதனைத்தான் போதிக்கின்றதா என்னும் வினாவை இருவருமே எழுப்புவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து தொடங்குகின்றது.

2

யோபு ஆகமம் ஒருதன்மைத்தான நூலன்று. முதலிரண்டு அதிகாரங்களும் 42ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியும் உரைநடையில் அமைந்த கதை. இடைப்பட்ட பெரும்பகுதி செய்யுளாலான விவாதம். உரைநடையில் வரும் யோபு தன் மக்களையும் உடைமைகளையும் இழந்த பின்னரும் இறைவனைத் துதிக்கின்றான். செய்யுளில் வரும் யோபு தான் பிறந்த நாளைச் சபித்தவாறே வாய்திறக்கின்றான். இறைவனின் பெயர் வழக்கிலும் இவ்வேறுபாடு தெரிகின்றது. உரைநடைப் பகுதி யாவே என்னும் இசுரவேலரின் தனிப்பெயரை ஆள, நண்பருடனான விவாதங்களோ ஓரிடந் தவிர அப்பெயரை ஆள்வதில்லை. தமிழில் ‘சர்வவல்லவர்’ என வழங்கும் ‘சதாய்’ என்னும் எபிரேயச் சொல் பழைய ஏற்பாட்டில் வருவது 48 இடங்களில். அவற்றுள் 31 இந்நூலுக்குரியன. எல்லாம் வல்ல ஆட்சி என்னும் கருத்து வேறெந்த நூலிலும் இத்துணை நெருக்கமாகப் பேசப்படவில்லை. வேறெந்த நூலிலும் இத்துணைக் கடுமையாக வினவப்படவுமில்லை.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தியொன்றுண்டு. இறையாண்மையை நம்பி அமைதிகொள் என்னும் உபதேசத்தை நூலிலே தொடர்ந்து கூறுபவர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர்கள். உலகு நீதியாக ஆளப்படுகின்றது, ஆகவே துன்புறுவோன் குற்றமிழைத்தவனாதல் வேண்டும் என்பது அவர்தம் தருக்கம். நூலின் இறுதியிலே இறைவன் சினங்கொள்வது இவர்கள் மீதுதான். தன்னைப்பற்றி உண்மை பேசியவன் யோபே எனத் தீர்ப்பளிக்கவும் செய்கின்றான். இறைவனுக்காக வாதாடியோர் கண்டிக்கப்பட, இறைவனோடு வாதாடியவன் ஏற்கப்படுகின்றான். பிரசங்க மரபு பெரும்பாலும் கடந்து சென்ற இடம் இதுவே.

3

நம்பிக்கைக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது 13ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம். இறைவன் தன்னைக் கொன்றாலும் தான் அவனையே நம்பியிருப்பதாக யோபு கூறும் பொருளில் 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதனைத் தந்தது. தமிழ்ப் புரட்டஸ்தாந்தச் சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பும் அவ்வாறே தருகின்றது. ஆனால் எபிரேய மூலத்தில் எழுதப்பட்டிருப்பது ‘இல்லை’ என்னும் பொருளுடைய சொல். அதே ஒலியுடைய, ‘அவனுக்கு’ என்னும் பொருள்தரும் வேறொரு சொல்லாக அதனை வாசிக்குமாறு மரபு பேணிய ஏட்டாளர் குறிப்பெழுதினர். எழுதியவாறே கொள்ளின், இறைவன் தன்னைக் கொல்வான், தனக்கு நம்பிக்கையில்லை என்பதே பொருளாகும். 1952ஆம் ஆண்டு வெளியான திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு இப்பொருளையே தழுவியது.

ஓரெழுத்தின் வேறுபாட்டிலே நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் பிரிந்து நிற்பது வியப்புக்குரியதுதான். எனினும் அதனினும் முக்கியமானது வசனத்தின் பிற்பாதி. எவ்வாறு வாசிப்பினும், தன் வழிகள் நேரியவை என இறைவன் முகத்தெதிரே நிறுவுவேன் என்றே யோபு முடிக்கின்றான். முற்பாதி சுவர்களிலும் கல்லறைகளிலும் பொறிக்கப்படுவது. பிற்பாதி அவ்வாறு பொறிக்கப்படுவது அரிது. ஒரு வசனத்தை இரண்டாகப் பிளந்து, பணிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் செயலை வெறும் மறதி எனக் கொள்ளல் இயலாது. கருத்துநிலை இயங்கும் முறையே அதுவாகும்.

4

யோபின் வாதம் ஒரு தனிமனிதனின் நோயோடு நின்றுவிடவில்லை. 24ஆம் அதிகாரத்திலே எல்லைக் கற்களைப் பெயர்த்து நிலத்தைக் கவர்வோரும், விதவையின் எருதை ஈடாகப் பிடித்துச் செல்வோரும் பேசப்படுகின்றனர். பிறர் தோட்டத்திலே திராட்சையை மிதித்துப் பிழியும் உழைப்பாளர் தாகத்தோடு நிற்கின்றனர். கதிர்க்கட்டுச் சுமப்போர் பசியோடிருக்கின்றனர். உழைப்புக்கும் உழைப்பின் பயனுக்கும் இடையே விழுந்த பிளவினைப் பண்டை இலக்கியம் இவ்வளவு துலக்கமாகக் காட்டிய இடங்கள் சிலவே. இந்நூலின் காலம் பற்றிக் கருத்தொருமை இல்லையெனினும், பாரசீகர் ஆட்சிக்காலத்தை ஒட்டியதாகக் கொள்வோர் பலர். அக்காலத்து யூதேயாவின் நிலையை நெகேமியா ஆகமத்தின் 5ஆம் அதிகாரம் பதிவு செய்துள்ளது: அரச வரிக்காகக் கடன்பட்டோர் வயல்களை அடகுவைத்தனர், தம் பிள்ளைகளை அடிமைகளாக்கினர். இப்பின்னணியில் நோக்குமிடத்து, உலகு நீதியாக ஆளப்படுகின்றது என்னும் நண்பர்களின் கூற்று யாருக்கு வசதியானது என்பது தெளிவாகும்.

19ஆம் அதிகாரத்திலே யோபு நம்பிக்கை வைக்கும் ‘மீட்பர்’ என்னும் சொல்லும் இத்தொடர்பில் ஆராயத்தக்கது. எபிரேயத்தில் அது ‘கோயேல்’. உறவினன் வறுமையால் விற்ற நிலத்தைத் திருப்பிப் பெறுபவன், அடிமைப்பட்டவனை விலைகொடுத்து விடுவிப்பவன், சிந்திய இரத்தத்துக்குப் பழிகொள்பவன் எனக் குலமுறைச் சமூகத்தின் கடப்பாடொன்றைக் குறித்த சொல் அது. லேவியராகமமும் எண்ணாகமமும் இதற்குச் சான்று. பிற்கால இறையியலில் ஆன்மாவின் மீட்பராக உயர்ந்தவர், மூலத்திலே கடனுக்கும் நிலத்துக்கும் இரத்தத்துக்கும் பொறுப்பேற்ற உறவினர். நடுவன், சாட்சி, கையொப்பமிட்ட முறையீடு என யோபின் மொழி முழுவதும் நீதிமன்றின் மொழியாக இருத்தலும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. அவன் நம்பிக்கை வழக்காடுவோனின் நம்பிக்கை.

5

இத்துணையும் கூறியபின், நூலின் வர்க்க எல்லைகளை மறைத்தல் திறனாய்வாகாது. யோபு பெருஞ்செல்வன், அடிமைகளை உடையவன். தன் அடிமைகள் தனக்கெதிராகக் கொண்டுவந்த வழக்கைத் தான் புறக்கணித்ததில்லை என்றும், தன்னைக் கருவில் உருவாக்கியவனே அவர்களையும் உருவாக்கினான் என்றும் 31ஆம் அதிகாரத்திற் கூறுபவன் அவனே. அதற்கு முந்திய அதிகாரத்திலோ, தன்னை நகைப்போரின் தந்தையரைத் தன் மந்தை நாய்களோடு வைக்கவும் விரும்பியிருக்கமாட்டேன் என இகழ்கின்றான். மனித சமத்துவம் பற்றிய அறிவும் உடைமையாளனின் இறுமாப்பும் ஒரே நாவில் நிற்கின்றன.

நூலின் முடிவு இம்முரணை இன்னுங் கூர்மையாக்குகின்றது. ஆடுகள் 7000 இலிருந்து 14,000 ஆகவும், ஒட்டகங்கள் 3000 இலிருந்து 6000 ஆகவும் இரட்டிக்கின்றன. மடிந்த ஏழு புதல்வருக்கும் மூன்று புதல்வியருக்கும் ஈடாக அதே தொகையினர் பிறக்கின்றனர். புதல்வியர் சகோதரரோடு உரிமைச் சொத்தும் பெறுகின்றனர். அக்காலத்தில் இது அரிய செய்தியே. ஆனால் முதலாம் அதிகாரத்திலே சபேயரின் வாளுக்கும் வானத்தின் தீக்கும் கல்தேயரின் தாக்குதலுக்கும் இரையான வேலைக்காரர் என்னவாயினர்? செய்தி சொல்ல ஒவ்வொருவர் மட்டும் தப்பிவர, ஏனையோர் இறந்தனர். ஈடுசெய்யும் பட்டியலிலே அவர்களுக்கு இடமில்லை. இறைவன் அவர்களைப்பற்றி வினவவில்லை, யோபும் வினவவில்லை.

புயலினின்று பேசும் இறைவன் யோபின் குற்றச்சாட்டுக்கு விடையளிப்பதுமில்லை. விண்மீன்களையும் காட்டுக்கழுதையையும் தீக்கோழியையும் முதலையொத்த பெருவிலங்கையும் காட்டி, உலகு மனிதனை மட்டும் மையமாகக் கொண்டதன்று என உணர்த்துகின்றான். கவிதை என்ற வகையில் இப்பகுதி ஒப்பற்றது. நீதி பற்றிய வினாவுக்கு விடை என்ற வகையிற் போதாதது. யோபின் இறுதிக் கூற்றும் தெளிவற்றது. தன்னையே வெறுத்து மனம் வருந்துவதாக அது மொழிபெயர்க்கப்படினும், ‘தன்னை’ என்பது எபிரேயத்தில் இல்லை. வருந்துதலைக் குறிக்கும் வினைச்சொல் ஆறுதல் பெறுதலையும் குறிக்கும். முழுச் சரணாகதி என்னும் முடிவினை மூலம் உறுதிப்படுத்தவில்லை.

6

மார்க்ஸியச் சிந்தனையாளரான ஏர்ன்ஸ்ற் புளொக் 1968இல் வெளியிட்ட ‘கிறிஸ்தவத்தினுள் நாத்திகம்’ என்னும் நூலிலே, யாவேயின் ஆதிக்கத்தினின்றும் மனிதன் வெளியேறும் விடுதலைப் பயணத்தின் தொடக்கத்தை யோபிற் கண்டார். பெரு நாட்டின் விடுதலை இறையியலாளர் குஸ்தாவோ குத்தியரஸ் 1986இல் வெளியிட்ட யோபு பற்றிய நூலில், தன் துன்பத்தினின்றும் ஏழைகள் யாவரின் துன்பத்துக்கும் யோபு நகர்வதை வற்புறுத்தி, நீதிக்கான இறைவாக்கு மொழியும் இறைவனின் இலவசமான அன்பைப் போற்றும் தியான மொழியும் அவனிடத்து இணைவதாகக் கொண்டார். புளொக் கலகத்தைக் கண்டார். ஆயினும் யோபு தன் வழக்கை வேறெவரிடமும் கொண்டுசெல்லாது அதே இறைவனிடமே கொண்டுசெல்வதன் பொருளைக் குறைத்து மதிப்பிட்டார். குத்தியரஸ் ஏழைகளைக் கண்டார். ஆயினும் இணக்கத்தை நாடிய விரைவிலே, ஈடுபெறாத வேலைக்காரரின் மௌனம் அவர் வாசிப்பில் உரிய கனத்தைப் பெறவில்லை.

மதத் துன்பம் மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான கண்டனமாகவும் ஒருசேர அமைகின்றது என 1844இல் வெளியான கட்டுரையிலே மார்க்ஸ் கூறியதை நாம் பெரும்பாலும் பாதியாகவே நினைவுகூருகிறோம். பிரசங்கியார் யோபின் வசனத்தைப் பிளந்தவாறே நாமும் மார்க்ஸின் வாக்கியத்தைப் பிளந்துள்ளோம்.

எமது நாட்டு அனுபவமொன்று இதனைத் தெளிவாக்கும். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களில் வழிபாட்டுக்கு வந்தோர் கொல்லப்பட்டனர். பிள்ளைகளை இழந்த பெற்றோரும் குருமாரும் உள்ளிட்ட பலர் அடிப்படை உரிமை மனுக்களுடன் உயர் நீதிமன்றத்தை நாடினர். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் தடுக்கத் தவறிய முன்னாள் சனாதிபதியும் உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்துமாறு 2023 ஜனவரி 12இல் அம்மன்று தீர்ப்பளித்தது. அம்மனுதாரருள் நம்பிக்கையாளர் தம் ஆண்டவரைக் கைவிட்டாரல்லர். யாவும் அவர் சித்தம் எனக் கூறி அரசை விடுவித்தாருமல்லர். 13ஆம் அதிகாரத்து வசனத்தின் இரு பாதிகளையும் அவர்கள் ஒருசேரப் பற்றிநின்றனர்.

இறையாண்மையில் நம்பிக்கை வைத்தல் பிற்போக்கானதா முற்போக்கானதா என அருவமாக வினவுவதிற் பயனில்லை. அதனை யார், யாருக்கு, எத்தருணத்திற் கூறுகின்றனர் என்பதே வினா. துன்புறுவோன் தன் வழக்கைத் தொடர்வதற்குத் தாங்குகோலாக அதனைப் பற்றும்போது அது யோபின் குரல். அவன் வழக்கை நிறுத்துவதற்குப் பிறர் அதனைக் கையாளும்போது அது நண்பர்களின் குரல். இவற்றுக்கு அப்பால், பட்டியலில் இடம்பெறாத வேலைக்காரர் சார்பில் எழுந்திருக்கவேண்டிய மூன்றாவது குரலொன்றும் உண்டு. அதனை யோபு ஆகமம் எழுப்பவில்லை. அதனை எழுப்புதல் அந்நூலை வாசிக்கும் எமது பொறுப்பாகும்.